சரிகை போர்த்திய குழாய்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை உருக்குலைந்த நிலையில் வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே வருஷக்கணக்காகப் பிரித்துப் பூட்டிப் புதுக்கும் அன்பர்கள், தானியங்கிக் கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான எண்ணெயைக் கொண்டுபோய்க் குளிர்ந்த எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவரும் இரண்டு எஃகுக் குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டு, அவற்றின் ஸ்தானத்தில் மெல்லிய எஃகுக் கம்பியால் பின்னிய ரப்பர் ஹோஸ்களை, சிவப்பும் நீலமும் சாயமேற்றிய அலுமினிய முனைகளோடு பூட்டி அழகு பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் நன்றாக வேரூன்றிவிட்டது. 1964 முதல் ரிட்லர் பரிசு வழங்கப்பட்டுவரும் டெட்ராய்ட் ஆட்டோராமாவைப் போன்ற கண்காட்சிகளில், காரின் அடியில் நிலைக்கண்ணாடி பரப்பி அதன் வயிற்றுப்புறத்தையும் காட்சிப்பொருளாக்கிய பிறகு, அங்கே சரிகைபோல் மின்னுகிற ஹோஸுக்குக் கிராக்கி ஏற்பட்டதில் வியப்பில்லை. அழகுக்காகச் செய்தோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இந்த வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள், ஹோஸ் எங்கும் வளைந்துகொடுக்கும், எஃகுக் குழாய் கொடுக்காது, ஆகையால் ஹோஸே உயர்ந்த வேலைப்பாடு என்று நியாயம் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் குணமென்று கொண்டாடுகிற அந்த வளைவைத்தான் நான் வெகுகாலமாகக் குற்றமென்று கருதிவருகிறேன்.

எஃகுக் குழாயின் குறைகளை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் அது துருப்பிடிக்கும். அதன் வாயை இரட்டை மடிப்பாக விரிக்கப் பழகிய கை வேண்டும். ஃபோர்டு உடலில் ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸை ஏற்றியவருக்குத் தொழிற்சாலையில் வளைத்த குழாய் எந்த விதத்திலும் பொருந்தாது. ரப்பர் தாங்கிகளின்மேல் குலுங்கும் எஞ்சினுக்கும் உடலோடு இறுகி நிற்கும் ரேடியேட்டருக்கும் இடையே, கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்றே தரம் வகுத்த ரப்பர் ஹோஸ் ஒரு சாண் இருப்பது விவேகமும் ஆகும். பந்தயக் கார்களின் நியாயம் வேறு. ஓட்டத்துக்கு ஓட்டம் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. எஃகுக் குழாயைக் கையில் எடுத்தவன், அது எங்கே தொடங்கி, எதை விலக்கி, எதன் ஓரமாகச் சென்று, எங்கே முடியவேண்டும் என்பதை வளைக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். கோட்டுமாட்டும் கம்பியை முதலில் வளைத்து வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் மீண்டும் வளைத்து, அந்த அச்சைக்கொண்டே குழாயை வளைக்கிற பொறுமைசாலிகளை நான் அறிவேன். தப்பான பாதையைக் குழாய் ஏற்காது. ஓரிடத்தில் முட்டி நின்று, இங்கே இடமில்லை என்று சொல்லிவிடும். ஹோஸோ எந்தப் பிழைக்கும் தலையாட்டும். இரண்டு முனைகளையும் பூட்டிவிட்டால் நடுவிலே அது எங்கே வேண்டுமானாலும் தொங்கும், எதன்மேல் வேண்டுமானாலும் சாயும். பாதையைப் பற்றிய சிந்தனையே இல்லாமல் காரியம் முடிந்துபோனதாக ஒரு திருப்தி உண்டாகிவிடுகிறது.

1969-ஆம் வருஷ மாடல்களோடு வந்த டர்போ ஹைட்ராமாட்டிக் 350 கியர்பாக்ஸை ஷெவ்ரலே சிறு வி-8 எஞ்சினின் பின்னால் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்ணெய் செல்லும் துவாரங்கள் இரண்டும் கியர்பாக்ஸின் வலப்பக்கத்தில் இருக்கின்றன. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதே வலப்பக்கத்தில். பெட்ரோல் பம்பும் அதே பக்கத்தில், முன்புறமாக. வலப்பக்கச் சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக்கொண்டு இறங்கும் குழாய்களும் அங்கேயே. அந்த நெருக்கடியில், எண்ணெய்த் தொட்டியின் விளிம்போடு ஒட்டி, கிளிப்பால் எஞ்சினோடு இறுக்கி, வெப்பத்துக்கும் கேபிளுக்கும் எட்டாமல் இரண்டு குழாய்களை முன்னால் கொண்டுபோனவர்களின் சாமர்த்தியம் சாமானியமானதல்ல. அதே வழியில் கம்பி பின்னிய ஹோஸைத் தொங்கவிட்டால் என்ன நேரும்? அந்தப் பின்னல் தான் உரசும் பொருளை அரம்போல் அறுக்கும். அலுமினியமானாலும் ரப்பரானாலும் அதற்கு ஒன்றுதான். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளோ பேட்டரியிலிருந்து ஃப்யூஸின் காவலின்றி நேராக வருவது. சாவியைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எஞ்சினின் ஒவ்வொரு அதிர்விலும் அதன் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும் எஃகுக் கம்பியின் உள்ளேயோ, எரியக்கூடிய எண்ணெய். இதைவிட அபாயமான சேர்க்கையை வேண்டுமென்று தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரிகைக்கு இன்னொரு தீங்கான குணம் உண்டு: அது உள்ளே இருப்பதை மறைக்கிறது. சாதாரண ரப்பர் ஹோஸ் கிழடுபட்டால் வெடிப்புக் காட்டும், கசிந்து உப்பும், கையால் அமுக்கினாலே தெரியும். எஃகுக் குழாய் துருப்பிடித்தால் கண்ணுக்கே தெரியும். பின்னலுக்குள் இருக்கும் ரப்பர் உஷ்ணத்தால் இறுகி உள்ளேயே உதிரத் தொடங்கினாலும் வெளித்தோற்றம் வாங்கிய நாளைப்போலவே பளபளக்கும். சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு அழுத்தம் தாங்கும் என்ற விளம்பர வாசகத்தை அன்பர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார்கள். பிரேக் குழாயோடு ஒப்பிட்டால் அற்பமான அழுத்தமே ஓடுகிற இந்த இடத்தில் அந்தப் பலத்தால் என்ன பிரயோஜனம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இணைப்புகளின் கணக்கையும் பார்க்கலாம். முழுநீள எஃகுக் குழாய்கள் இரண்டுக்கு நான்கு முனைகள். எண்ணெய் கசியக்கூடிய இடங்கள் 4. ரேடியேட்டரில் குழாயின் வாய் 45 பாகையில் விரிந்து அமரும். தரைப்படை, கடற்படை என்ற இரண்டின் பெயரையும் தாங்கிய ஹோஸ் முனைகளின் கோணம் 37 பாகை. ஆகவே இடையே ஒரு மாற்று ஃபிட்டிங் புகுந்தாக வேண்டும். துவாரத்துக்கும் ஃபிட்டிங்குக்கும் ஒன்று, ஃபிட்டிங்குக்கும் ஹோஸ் முனைக்கும் ஒன்று, முனைக்கும் ஹோஸுக்கும் ஒன்று என்று ஒவ்வொரு கோடியிலும் மூன்றாக, கசியக்கூடிய இடங்கள் 12 ஆகின்றன. அது மட்டுமா? ஹோஸை அறுக்கும்போது சிதறும் ரப்பர்த் துணுக்கும் கம்பித் துகளும் உள்ளேயே தங்கிவிட்டால், அவை எண்ணெயோடு பயணம் செய்யும். டர்போ ஹைட்ராமாட்டிக் போன்ற பெட்டிகளில் குளிர்ந்து திரும்பும் எண்ணெய்தான் பற்சக்கரங்களுக்கும் புஷ்களுக்கும் உயவாகப் பாய்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குறுகிய வழி அடைபட்டால், பெட்டி சூடேறுவதற்கு முன்பே எண்ணெய்ப் பசையற்றுத் தேயத் தொடங்கிவிடும்.

எஃகை வளைப்பது சிரமம் என்ற சமாதானமும் இப்போது செல்லாது. தொண்ணூறு பங்கு செம்பும் பத்துப் பங்கு நிக்கலும் கலந்த குழாய் சுருளாகக் கடைகளில் கிடைக்கிறது. அது துருப்பிடிப்பதில்லை, பெரிய வளைவுகளுக்குக் கைகளே போதும், வாயை விரித்தாலும் சுலபமாக வெடிப்பதில்லை. வெறும் செம்புக் குழாயை அதன் இடத்தில் வைத்துவிடக் கூடாது, அதிர்வில் இறுகிப் பிளந்துவிடும். அந்த ஒரு எச்சரிக்கை போதும். இவ்வளவு சௌகரியம் கையெட்டும் தூரத்தில் இருந்தும் அன்பர்கள் சரிகையை நாடுகிறார்களென்றால், சிரமத்துக்கு அஞ்சித்தான் நாடுகிறார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கடைசியாக, கழற்றிப் பூட்ட ஹோஸே சுலபம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் தெருவில் ஓடுகிற கார் ஒன்றின் கியர்பாக்ஸ் எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை கீழே இறங்குகிறது? அந்த ஒரு பகல் நேர வசதிக்காக, இடைப்பட்ட வருஷங்களிலெல்லாம் ஸ்டார்ட்டர் கேபிளின் அருகே தேய்ந்தபடி தொங்கும் ஒன்றைப் பூட்டிவைத்து, அதற்குக் கீழே கண்ணாடியையும் பரப்புகிறார்கள்.