பத்மினியின் பெண்கள்

சென்னை ஓவிய இயக்கத்தின் கதை பெரும்பாலும் குரு-சீடர் பரம்பரையாகவே சொல்லப்படுகிறது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி, பிறகு கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம், அங்கே குடியேறிய மாணவர்கள். இந்த வரிசையில் டி.கே. பத்மினிக்குக் கிடைப்பது ஓர் அடைப்புக்குறி: பணிக்கரின் மாணவி, இளம் வயதில் இறந்தவர்.

1940இல் பொன்னானி வட்டாரத்தில் பிறந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்தவர் பத்மினி. படித்து முடித்தபின் ஓவிய ஆசிரியராக வேலைபார்த்துக்கொண்டே வரைந்தார். 1968இல் ஓவியர் கே. தாமோதரனை மணந்தார். 1969 மே மாதம், 29 வயது நிறையும் முன்பே, பிரசவத்தில் இறந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் எஞ்சின.

ஜெர்மானிய ஓவியர் பவுலா மோடர்சோன்-பெக்கரும் 1907இல், பிள்ளை பெற்ற மூன்று வாரத்துக்குள், 31 வயதில் இறந்தவர்தான். அவருடைய ஓவியங்களுக்கென்றே 1927இல் பிரேமன் நகரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பத்மினி பயின்று உருவானது சென்னையில். ஆனாலும் நான் படித்த தமிழ் வகுப்பு எதிலும், கலை இலக்கியம் என்று வாய் நிறையப் பேசிய கூட்டம் எதிலும், அவர் பெயர் வந்ததில்லை. மலையாளத்தில் அவர் வாழ்க்கை திரைப்படமாகவே வந்துவிட்டது. அங்கும்கூட மரணத்தின் சோகம் படங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

படங்களைப் பார்ப்போம். பத்மினியின் பெண்ணுடல்கள் ஆடையின்றி நிற்கும்போதும் பார்ப்பவரை அழைப்பதில்லை. கனத்த தோள்கள், அடர்ந்த மண்நிறம், தமக்குள் திரும்பிய முகங்கள். ரவிவர்மாவின் பெண்கள் பார்க்கப்படுவதற்காக அமர்ந்திருக்கிறார்கள். பத்மினியின் பெண்களுக்கு நம் பார்வை தேவைப்படவில்லை. ஒரு பெண் பெண்ணுடலை வரையும்போது நேர்கிற முதல் மாற்றம் இதுதான்.

இந்தப் பெண்களை இயற்கை, பூமித்தாய் என்று புகழ்வது எளிது. புகழ்ச்சிபோலத் தெரியும் இந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. அந்தப் பச்சை நிழலை ஒட்டி உட்கார்ந்து வெற்றிலை அடுக்கும் பெண்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் கொடியோடு கொடியாகத்தான் தெரிவார்கள். கிட்டப் போனால் தெரிவது கூலியும் இடுப்புவலியும். பெண்ணை நிலமாக்கிவிட்டால் அவளுக்கென்று ஒரு மனம் இருப்பதைக் கேட்க வேண்டியதில்லை. சங்கக் கவிதையில் நிலம் மனத்தைச் சொல்ல வருகிறதே தவிர, மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. பத்மினியின் மரங்களையும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

அவருடைய ‘பட்டம் விடும் பெண்’ ஓவியத்தைப் பின்னால் வந்த மரணத்தின் முன்னறிவிப்பாகப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதில் ஒரு பெண் பட்டம் விடுகிறாள். நூல் அவள் கையில் இருக்கிறது. விமர்சனம் அந்தக் கையிலிருந்து தொடங்கட்டும்.