ஒல்லாந்தரின் இரு கோட்டைகள்: யாழ்ப்பாணமும் காலியும்

நியூயோர்க்கையும் சிக்காகோவையும் அருகருகே நிறுத்தி எதன் தோற்றம் சிறந்தது என்று வாதிடும் கட்டடக்கலை ரசிகர்கள், முன்னதன் பாறைத் தீவையும் பின்னதன் ஏரிக்கரைச் சமவெளியையும் விட்டுவிட்டுக் கட்டடங்களை மட்டும் பேசுவதில்லை. இலங்கையின் வடக்கிலும் தெற்கிலும் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற யாழ்ப்பாணக் கோட்டையையும் காலிக் கோட்டையையும் ஒப்பிடுவோரும் நிலத்திலிருந்தே தொடங்க வேண்டியவர்களாவர்.

காலி, கடலுக்குள் நீண்டு செல்லும் பாறைமுனை. மூன்று புறமும் கடல் காவல் செய்வதால், மதில் அப்பாறையின் போக்கிலேயே வளைந்து நெளிந்து சென்று, நிலத்தை நோக்கிய பக்கத்தில் மட்டும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயரிடப்பட்ட மூன்று பெருங்கொத்தளங்களால், அதாவது மதிலிலிருந்து முன்தள்ளிய பீரங்கி மேடைகளால், தன்னைக் காத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய உதவி எதுவும் இல்லை. ஆழமற்ற பரவைக்கடலின் ஓரத்தில், மேடோ பாறையோ அற்ற தட்டை நிலத்தில், போர்த்துக்கேயர் கட்டியிருந்த நாற்சதுரக் கோட்டையை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதை அகற்றி ஐங்கோணக் கோட்டையொன்றை எழுப்பி, ஐந்து முனைகளிலும் வைத்த கொத்தளங்களுக்கு ஒல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட் முதலான தம் நாட்டு மாகாணப் பெயர்களையே இட்டனர். ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்ததன் முகப்பு முழுவதையும் பார்க்கும்படி கோணங்கள் அமைந்திருப்பதால் பகைவன் மறைந்துகொள்ள மதிலடியில் ஓரிடமும் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கே அக்கோட்டையின் அழகு. அகழிக்கு அப்பாலுள்ள வெளியரண்கள் 1792இல்தான் நிறைவுபெற்றன என்பதும், மூன்றே ஆண்டுகளில் ஆங்கிலேயர் சண்டையின்றியே கோட்டையைப் பெற்றுக்கொண்டனர் என்பதும் அந்தக் கணக்கில் சேராத வேடிக்கைகள்.

கோட்டை என்ற வகையில் யாழ்ப்பாணமே உயர்ந்தது; காலியின் மதிலைக் கம்பீரமாகக் காட்டுவதில் பாதிப் பங்கு அலைகளுக்கும் பாறைக்கும் உரியது. ஆனால் மதிலுக்குள் நுழைந்தால் தீர்ப்பு மாறிவிடுகிறது. காலியில் மக்கள் வாழும் தெருக்களும், தூண் நிரை தாங்கிய தாழ்வாரங்களும், கடல் ஏற்றத்தின்போது நீர் புகுந்து கழுவிச்செல்லுமாறு செங்கல்லால் கட்டிய நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களும் அமைந்தன. யாழ்ப்பாணத்திலோ ஆட்சியும் படையும் கோட்டைக்குள் இருக்க, குடிமக்களின் நகரம் வெளியே வளர்ந்தது. 1988இல் யுனெஸ்கோ காலியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அது ஒரு நினைவுச்சின்னமாக மட்டுமன்றி ஒரு குடியிருப்பாகவும் இருந்தது.

கல்லை அருகில் நின்று பார்ப்பவர்க்கு யாழ்ப்பாணம் மீண்டும் முன்னே வருகிறது. கடலுயிர்களின் கூடுகள் இறுகி உண்டான முருகைக்கல் அங்கே பெருமளவில் பயன்பட்டுள்ளது. சாந்து உதிர்ந்த இடங்களில் பூவிதழ் போன்ற வரிகளும் நுண்துளைகளும் வெளிப்பட, சாய்வான மாலை ஒளியில் மதில் சொரசொரப்பான மஞ்சள் நிறம் கொள்கிறது. இந்தக் கல்வேலை கோட்டையோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி ஊர்களிலும், குறிப்பாகச் சங்கானையில் எஞ்சியுள்ள போர்த்துக்கேயர் காலத் தேவாலயச் சுவர்களிலும், இதைக் காணலாம். அயலூரான பண்டத்தரிப்பின் தேவாலயம், ஒல்லாந்தப் போதகர் பிலிப்புஸ் பால்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலில் படமாக இடம்பெற்றிருக்கிறது. நியூயோர்க்கில் மருத்துவம் பார்த்துவந்த ஜோன் ஸ்கடர் 1820இல் அமெரிக்க மிஷன் சார்பில் பண்டத்தரிப்பில் வந்து தங்கியபோது அவர் விட்டுவந்த நகரில் வானளாவிகள் எவையும் இருக்கவில்லை என்பதையும், வலிகாமத்தின் பழைய கல்வேலைக்கு அப்போதே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகியிருந்தது என்பதையும் சேர்த்து நினைப்பது பொருத்தம்.

இரு கோட்டைகளின் தேவாலயங்களை ஒப்பிடுவதுதான் மிகக் கடினம். 1755இல் கட்டப்பட்ட காலியின் பெரிய தேவாலயம், தரையில் பதித்த கல்லறைப் பலகைகளோடும் சுருள்வடிவ முகப்போடும் இன்றும் முழுமையாக நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் 1706இல் எழுந்தது குருசுக் கோவில். நான்கு கைகளும் ஒரே நீளமுள்ள கிரேக்கச் சிலுவையின் வடிவில் அமைந்து, அலங்காரம் குறைந்து, சுவரின் தடிப்பிலேயே மதிப்பைக் காட்டிய அக்கட்டடம், 1990இல் கோட்டையைச் சூழ்ந்து நடந்த போரில் இடிந்தது. போருக்குப் பின் மதில்களுக்குக் கிடைத்த சீரமைப்பு அதற்குக் கிட்டவில்லை. சிதறிய முருகைக்கற்கள் கோட்டை முற்றத்தை விட்டு அகன்றால் அத்தேவாலயத்தை மீண்டும் எழுப்ப வழியே இராது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிட்டு அங்கேயே அடுக்கிக் காப்பதைத் தொல்லியல் திணைக்களம் முதற்பணியாகக் கொள்ளவேண்டும்.