பேரீச்சம்பழமும் பேர் வெட்டிய அண்டாவும்

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தாரே, அந்தத் தள்ளுவண்டிக்காரர்தான் நம் ஊரின் முதல் 'ஆன்டிக்' வியாபாரி என்று சொன்னால் அடிக்க வராதீர்கள். தாத்தாவின் அரிக்கேன் விளக்கோ, உடைந்த வாளியோ, அவர் தராசில் எல்லாம் ஒரே எடைதான். யாருடையது, எப்போது வாங்கியது என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இன்றைக்கு அதே அரிக்கேன் விளக்கு கண்ணாடி ஷோகேஸில் ஏறி உட்கார்ந்து நாலு இலக்க விலை சொல்கிறது. யாருடையது என்பது மட்டும் இப்போதும் தெரியாது. என் புகார் இதுதான்.

பல்லடத்தில் திருச்சி ரோட்டைப் பிடித்துக் கிழக்கே போய், திருச்சி, புதுக்கோட்டை தாண்டினால் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் ஒதுக்குங்கள். பர்மா தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், அரக்குப் பெட்டிகள், பீங்கான் ஜாடிகள், அஞ்சறைப் பெட்டிகள், பூட்டில்லாத சாவிகள், சாவியில்லாத பூட்டுகள்!

முதலில் பாராட்டிவிடுகிறேன். இந்தக் கடைகள் இல்லாவிட்டால் தேக்கு அடுப்புக்கும் பித்தளை உலைக்கும் போயிருக்கும். மியூசியத்தில் 'தொடாதே' என்று போர்டு. இங்கே தொடலாம், தூக்கிப் பார்க்கலாம், காசில்லாமல் வெறுமனே சுற்றிவிட்டும் வரலாம். மரத்தைத் தட்டிப் பார்த்தே ரகம் சொல்கிற வியாபாரிகளின் ஞானத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

ஆனால், இந்தச் சாமான்கள் தெருவுக்கு வந்த கதை என்ன? நகரத்தார் பர்மாவில் லேவாதேவி செய்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் அந்தத் தொழில் ஆட்டம் கண்டது. ஊரிலிருந்த பெரிய வீடுகள் அண்ணன் தம்பி, பேரன் என்று பங்காகின. பராமரிக்க முடியாமல் சிலதைப் பிரித்து விற்றார்கள். அவர்கள் பாத்திரங்களில் குடும்ப விலாசத்தின் முதலெழுத்துகளை வெட்டிவைக்கிற வழக்கம் உண்டு. கடையில் அந்த அண்டாவைக் கையில் எடுத்தால் எழுத்து அப்படியே இருக்கும். பக்கத்தில் தொங்கும் அட்டையிலோ விலை மட்டும்!

விற்றவர் பெயரைச் சொல்ல வேண்டாம். 'நொடித்துப் போய்விட்டார்கள்' என்று ஊர் பேசும் என்கிற கூச்சம் நியாயமானது. ஆனால் எந்த ஊர், சுமாராக எந்த வருஷம், எதற்குப் புழங்கியது... இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இது சரித்திர வாத்தியார் பிடிவாதம் இல்லை. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடிய சோழர் கால நடராஜரை, நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றார். எப்படி? சிலை ரொம்ப முன்னாலேயே இந்தியாவைவிட்டுப் போய்விட்டதாகப் போலிக் காகிதம் தயாரித்து. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். அண்டாவையும் நடராஜரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் 'எங்கிருந்து வந்தது?' என்று கேட்கிற பழக்கமே இல்லாத சந்தையில்தான் பொய்க் காகிதம் சுலபமாகச் செல்லுபடியாகும். 1972-ல் வந்த தொல்பொருள் சட்டம் 100 வயது தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாடு கொண்டுபோகக் கூடாது என்கிறது. வயதே எழுதாத பொருளுக்கு 90-ஆ, 110-ஆ, யார் சொல்வது?

முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். இது எந்த ஊர் வீடு, யார் வாழ்ந்தது என்று வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம். அது அருங்காட்சியகம், சரி. கடையும் ஊருக்கு உபகாரமாக இருக்கலாம். இங்கிலாந்தில் 'ஆக்ஸ்ஃபாம்' கடைகளில் ஜனங்கள் இனாமாகத் தந்த பழைய சாமான்களைத் தொண்டர்கள் விற்று, லாபத்தை ஏழைகளுக்குச் செலவிடுகிறார்கள். 1940-களின் கடைசியிலிருந்து நடக்கிற விஷயம்.

இதெல்லாம் நமக்கெதுக்குங்க என்று பல்லடத்துக்காரர்கள் கேட்கலாம். உங்களுக்குத்தான் அவசரம். விசைத்தறியும் கோழிப்பண்ணையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குழித்தறி தெரியாது. 1920-களில் திருப்பூர் வட்டாரம் கதருக்குப் பெரிய மையம். அந்த ராட்டைகளில் ஒன்றாவது உங்கள் அட்டாலியில் கிடக்கக்கூடும். பம்புசெட் வருமுன் கவலை இறைத்த இரும்புப் பறி, தானியம் அளந்த வள்ளம், அம்மாயி சீராகக் கொண்டுவந்த பேர் வெட்டிய குண்டா எல்லாம் இருக்கலாம். பக்கத்து அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். பழைய பித்தளையைப் போட்டுப் புது எவர்சில்வர் வாங்குவது நமக்குச் சுலபம். போட்ட பித்தளை உருகும்போது, வெட்டிய பேரும் சேர்ந்தே உருகும்.

எதையும் விற்காதீர்கள் என்று உபதேசம் செய்யவில்லை. இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் ஆட்டுக்கல்லை எங்கே வைப்பது? விற்கும் முன் வீட்டில் இருக்கிற பெரியவரிடம் கேட்டு, ஊர், வருஷம், உபயோகம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பொருளுக்குள் போட்டுக் கொடுங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவராக இருந்தால், அந்தக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே எழுதி வைத்துவிடுவார்.

பேரத்தை அதற்கப்புறம் ஆரம்பியுங்கள்.