இருப்புப்பாதை நினைவகங்களும் எழுத்தாளர் கடமையும்

பயன்பாடு முடிந்த இருப்புப்பாதைக்கு இரண்டு கதிகளே உண்டு. ஒன்று, பழைய இரும்பாக விலைபோதல்; மற்றொன்று, அருங்காட்சிப் பொருளாகப் போற்றப்படுதல். ஆனால் இரண்டாவது கதியை அடைந்த பின்னரும் அதன் வாழ்வு உறுதியாகிவிடுவதில்லை. செலவு மிகுதி, மானியக் குறைவு என்னும் காரணங்களால் அருங்காட்சியகங்களும் கதவடைக்கும் நிலைக்குத் தள்ளப்படுவதைக் காண்கிறோம்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1975இல் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகம் உலகப் புகழ் வாய்ந்தது. 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி எந்திரங்களுள் உலக சாதனை நிகழ்த்திய ‘மல்லார்ட்’ எந்திரம் அங்குதான் பேணப்படுகிறது. அத்தகைய நிலையத்திற்கே 2013இல் ஆபத்து நேர்ந்தது. அரசு மானியம் மேலும் குறைக்கப்பட்டால், அதனை நிருவகித்த அமைப்பின்கீழ் வட இங்கிலாந்தில் இயங்கிய மூன்று அருங்காட்சியகங்களுள் ஒன்றை மூட நேரிடும் என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர், பல்லாயிரவர் கையொப்பமிட்டு முறையிட்டனர். முடிவில் எதுவும் மூடப்படவில்லை.

அம்மக்களை எழச் செய்தது எந்திரத்தின் வேகமா? அன்று என்பேன். யார்க் இருப்புப்பாதையால் வளர்ந்த நகரம். அங்குப் பெட்டி செய்தவனின் பேரனும், வண்டி ஓட்டியவனின் மகளும் அந்த அருங்காட்சியகத்தில் தம் குடும்ப வரலாற்றைக் கண்டனர். தம்மை எதில் காண்கின்றனரோ, அதனைக் காக்கவே மக்கள் முன்வருவர். ஒரு நினைவகத்தின் மெய்யான காவல் இதுவே. இந்த அளவுகோலைக் கொண்டு நம் மண்ணின் இருப்புப்பாதை நினைவுகளை எடைபோட்டுப் பார்த்தல் நலம்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் 1932ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. 2011 ஏப்ரலில் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி இரயில் அங்கிருந்து புறப்பட்டது. தண்டவாளங்களில் பெரும்பகுதி பெயர்க்கப்பட்ட போதிலும், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையைப் பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைக் கழகமும் பொதுமக்களும் விடுத்த கோரிக்கை பலித்தது. புக்கிட் தீமா நிலையமும் செப்பனிடப்பட்டு 2022இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்க பணிகள் என்பதில் ஐயமில்லை.

எனினும் காக்கப்பட்டது எது என்று வினவுதல் திறனாய்வாளன் கடமை. தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பில் நான்கு சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து என்பவற்றின் உருவகங்கள் அவை. செதுக்கியவர் ஓர் இத்தாலியச் சிற்பி. உள்ளே சுவரோவியங்களில் இரப்பர் மரம் சீவுவோரும் ஈயம் எடுப்போரும் காட்சி தருகின்றனர். சிற்பியின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. திறந்து வைத்த ஆளுநரின் பெயரை வைத்திருக்கிறது. குறுக்குக் கட்டை சுமந்தவனின் பெயரை வைத்திருக்கவில்லை.

அந்நிலையம் எழுந்த அதே 1932ஆம் ஆண்டில், குவீன்ஸ்வே பகுதியில் இருப்புப்பாதைத் தொழிலாளர்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு குடில் எழுப்பினர். இன்று காமன்வெல்த் டிரைவில் விளங்கும் முனீஸ்வரன் ஆலயத்தின் தொடக்கம் அக்குடிலே. சலவைக்கல் கட்டடத்தைச் சட்டம் காத்தது. குடிலையோ, அது தம்முடையது என்று உணர்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து, இடம் பெயர்ந்தபோதும் கைவிடாது வளர்த்தனர்.

மலேசியாவின் நிலையும் எண்ணத்தக்கது. தீபகற்பத்தின் முதல் இருப்புப்பாதை 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட தொழிற்படையினர் அதனை அமைத்தனர். இன்று கோலா செபெத்தாங் எனப் பெயர் மாறிய அவ்வூரில் தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது. அப்பலகையின் முன் நின்று படம் பிடித்துக்கொள்ளும் தமிழ் மாணாக்கருள் எத்தனை பேர், தமிழ் அங்கு ஏன் எழுதப்பட்டது என்று கேட்கின்றனர்? கேட்கத் தூண்டும் எழுத்தை நாம் அவர்களுக்குத் தந்திருக்கிறோமா?

நம் படைப்பிலக்கியம் தோட்டத்தைப் பேசிய அளவுக்கு இருப்புப்பாதையைப் பேசவில்லை. பால்மரமும் லயமும் கங்காணியும் நம் சிறுகதைகளில் நிறைந்துள்ளனர். செந்தூல் பட்டறையில் இரும்பு அடித்தவரும், கைகாட்டி மரத்தின் கீழ் விழித்திருந்தவரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிராணியாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் பணியாற்றியவரும் அரிதாகவே தென்படுகின்றனர்.

இதற்குப் பெரும் விதிவிலக்கு சயாம் மரண இரயில் பற்றிய நம் நாவல்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, போர்க்கைதிகளுள் பன்னீராயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 வரை இருக்கும் என ஒரு மதிப்பீடு கூறுகிறது. மலாயாவிலிருந்து சென்றோருள் தமிழரே மிகுதி. காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாய்ப் போற்றப்படுகின்றன. நம்மவருள் பெரும்பாலோருக்குப் பெயர் தாங்கிய கல் ஒன்றும் இல்லை. 2003இல் அவ்வூரில் இப்பாதைக்கென ஓர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. அதற்குப் பத்தாண்டு முன்பே ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலைத் தந்துவிட்டார். பின்னர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ வந்தது. அந்நாவல்களின் கலைத்திறனைத் தனியே ஆராயலாம். கல் நாட்டப்படாத இடத்தில் சொல் நாட்டியதே அவற்றின் முதற்பெருமை.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தற்கில்லை. பெருந்துயரம் மட்டுமே எழுத்துக்குரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நாள்தோறும் சில மைல் நடந்து, சுத்தியலால் தட்டித் தண்டவாளத்தின் ஓசையைக் கேட்டு, ஒரு விபத்தும் நேராமல் முப்பது ஆண்டு பணிசெய்து ஓய்ந்தவனின் வாழ்வில் கதை இல்லையா? அவன் காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. விபத்து நேராததனாலேயே அவன் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

தமிழாசிரியர்கள் இங்கே பெரும்பணி ஆற்ற இயலும். இருப்புப்பாதைக் குடும்பங்களில் வந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாணாக்கர் அவர்களிடம் சென்று, பழைய நிழற்படங்களில் உள்ளோரின் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். கூட்ஸ் வண்டி, கார்டு, சிலிப்பர் கட்டை, கேங் மண்டோர் என வழங்கிய தொழிற்சொற்களைத் தொகுக்கட்டும். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் தக்க பொருள் வேறில்லை. அவ்வாறு திரண்டவற்றை அருங்காட்சியகங்களுக்கு அளித்து, காட்சிப் பலகைகளில் இடம்பெறச் செய்தல் எழுத்தாளர் அமைப்புகளின் கடமையாகும்.

நாளை ஓர் இருப்புப்பாதை நினைவகம் மூடப்படும் என்னும் செய்தி வரக்கூடும். அன்று கையொப்பமிட நம் இளைஞர் வருவார்களா என்பது, இன்று அவர்களுக்கு நாம் எழுதித் தருவதைப் பொறுத்தது. அங்குத் தம் பாட்டனாரின் பெயரைக் கண்டவன் வருவான். காணாதவனுக்கு அது வெறும் பழைய இரும்பு.