காரணவர் மாறினார்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ சிரிக்கச் சிரிக்க வாசிக்கக்கூடிய நூல். 1917-18இல் அது தொடராக வந்தபோது எங்கள் பக்கத்துக் காரணவர்கள் சிரித்திருப்பார்களா என்பது வேறு விஷயம். கதை சொல்பவள் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண். சொத்து பெண்வழியில் இறங்குகிறது. சாவிக்கொத்தோ அவளுடைய தாய்மாமன், அண்ணன் போன்ற ஒரு காரணவரின் மடியில் இருக்கிறது. ‘பெண்வழிச் சமூகம்’ என்றதுமே மகிழ்ந்துபோகும் மாணவிகளுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த நூலைத்தான். எல்லோருக்கும் உரிய சொத்து என்பது ஒன்று, அதை ஆள்பவர் யார் என்பது இன்னொன்று.

திறந்த மூல மென்பொருள் உலகில் 2023இல் நடந்த ஒரு பாகப்பிரிவினையை இந்த நூலின் துணையோடு வாசிக்கலாம்.

டெராஃபார்ம் என்ற கருவியை ஹாஷிகார்ப் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. எத்தனை சர்வர், எந்த வலையமைப்பு, எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அமேசான், கூகுள் போன்றவர்களின் கிளவுடில் அதை அப்படியே அமைத்துத் தரும். ஒவ்வொன்றையும் கையால் சொடுக்கிச் சொடுக்கி நிறுவும் வேலை மிச்சம். திறந்த உரிமத்தில் இருந்ததால், நிறுவனத்துக்கு வெளியே இருந்தும் ஏராளமானவர்கள் அதைத் திருத்தினார்கள், வளர்த்தார்கள், சொல்லிக்கொடுத்தார்கள். 2023 ஆகஸ்ட் 10 அன்று நிறுவனம் உரிமத்தை மாற்றியது. நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம். ஆனால் நிறுவனத்துக்குப் போட்டியாக அதைக் கொண்டு வியாபாரம் செய்யக்கூடாது. சட்டப்படி அதற்கு வழி இருந்தது. பங்களித்தவர்கள் நிரலை அனுப்பும்போதே ஓர் ஒப்பந்தத்துக்கு இசைவு தந்திருந்தார்கள். காரணவர் விற்கிறார் என்று வீட்டார் அறிவது பெரும்பாலும் பத்திரம் எழுதிய பிறகுதானே.

கோபம் கிளம்பியது. பழைய உரிமத்தில் இருந்த கடைசி நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அவர்கள் மொழியில் இதற்கு ஃபோர்க் என்று பெயர். செப்டம்பர் 20 அன்று அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கூரைக்குள் சென்றது. ஓபன்டோஃபு என்று பெயரும் வைத்தார்கள். (சோயாக் கட்டியின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.) 2024 ஜனவரியில் முதல் நிலையான பதிப்பு வந்தது. ஏப்ரலில் ஐபிஎம், ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது.

இதைப் பொதுவுடைமையின் வெற்றியாகக் கொண்டாடுகிறவர்களோடு நான் பாதி தூரம்தான் வருவேன். புதிய திட்டத்தைத் தொடக்கத்தில் வழிநடத்திய குழுவில் அமர்ந்தவர்கள் ஸ்பேஸ்லிஃப்ட், கிரண்ட்வொர்க், என்வ்ஸீரோ, ஸ்கேலர், ஹார்னஸ் என்ற நிறுவனங்களின் ஆட்கள். டெராஃபார்மை நம்பித் தொழில் செய்தவர்கள் அவர்கள். உரிமமாற்றம் நேராக அடித்ததும் அவர்களைத்தான். ஒருவர் கையில் இருந்தது பலர் கைக்கு வந்தது நல்லதே. கவிமணியின் நூலுக்கும் இதே வரம்பு உண்டு. பெண்குரலில் அழுகிறது, கேட்பதோ மக்கள்வழி. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை கிடைத்தது. கூடவே சாவிக்கொத்து மாமன் மடியிலிருந்து அப்பன் மடிக்கு இடம் மாறியது. கதை சொன்ன பெண்ணின் இடுப்புக்கு அது வரவில்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். வயலைப் பங்கு வைத்தால் ஆளுக்கொரு துண்டு. நிரலைப் பங்கு வைத்தால் இரு தரப்புக்கும் முழு வயல். துண்டுபடுவது உழுபவர்களின் நேரம். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இப்படியொரு திட்டத்தை நடத்துவதில் பெரும்பகுதி வீட்டுவேலை. பிழை என்று வந்த புகார்களைப் பிரித்து அடுக்குவது, ஒரே கேள்விக்குப் பத்தாவது முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது, கிளவுட் நிறுவனம் தன் சேவையை மாற்றும்போதெல்லாம் இங்கே ஒட்டுப்போடுவது, பழைய பதிப்பை வைத்திருப்பவரின் வேலை நின்றுபோகாமல் பார்ப்பது, வழிகாட்டிக் குறிப்புகள் எழுதுவது, சண்டைக்காரர் இருவரைச் சமாதானப்படுத்துவது. சரியாகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. புதிதாக வரும் பெண்களுக்குக் கைகாட்டப்படும் வாசலும் பெரும்பாலும் இதுதான்: குறிப்பு எழுதுங்கள், மொழிபெயருங்கள், கூட்டம் ஏற்பாடு செய்யுங்கள். இவை இல்லாமல் திட்டம் ஒரு மாதம் தாங்காது. ஆனால் வருகிற நிரலை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரத்துக்கு இவை ஏணியாக எண்ணப்படுவது அரிது.

திறமைதான் அளவுகோல் என்பார்கள். கிட்ஹப் தளத்தில் அனுப்பப்பட்ட திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் பெண்கள் அனுப்பியவற்றில் சுமார் 79 விழுக்காடும், ஆண்கள் அனுப்பியவற்றில் சுமார் 75 விழுக்காடும் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் திட்டத்துக்குப் புதியவர்களை மட்டும் எடுத்து, பெண் என்று அடையாளம் தெரிந்த இடங்களைப் பார்த்தபோது, பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிடக் கீழே போனது. நிரல் அறியாத ஒன்றை வாசற்படி அறிந்துவைத்திருக்கிறது.

இதைச் சரிசெய்யும் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. குபர்நெடீஸ் திட்டத்தில் உறுப்பினர், மதிப்பாய்வாளர், ஒப்புதல் தருபவர் என்று படிகள் எழுதிவைக்கப்பட்டுள்ளன. எந்தப் பகுதிக்கு யார் ஒப்புதல் தரலாம் என்பது, ‘உரிமையாளர்கள்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு கோப்பில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. வழிநடத்தும் குழுவுக்குத் தேர்தல் உண்டு. சாவி யாரிடம் என்பது எழுத்தில் இருப்பதே பெரிய முன்னேற்றம்; காரணவர் கணக்குக் காட்டிய வீடுகள் எத்தனை?

ஆனால் இந்தப் படிகளில் ஏறக் கூட்டங்களுக்கு வர வேண்டும், முகமும் குரலும் பழக வேண்டும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வைக்கும் கூட்டம் நாகர்கோவிலில் இரவு பத்தரை. அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. அடுப்படியை ஒதுக்கி, மறுநாளுக்கு மாவாட்டி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் தூங்குகிறவர்களை எழுப்பாத குரலில் ஒருத்தி தன் திருத்தத்துக்காக அங்கே வாதாட வேண்டும்.