எத்தனை கிலோ என்று கேளுங்கள்

கார் வாங்கப் போனால் ஷோரூமில் முதலில் சொல்வது குதிரைத்திறன். அடுத்தது சன்ரூஃப், பெரிய திரை, ஆறு ஏர்பேக். வண்டி எத்தனை கிலோ என்று கேட்டுப் பாருங்கள். பழைய இரும்புக்காரர் வந்திருக்கிறாரோ என்று விற்பனையாளர் யோசிப்பார். கைமாறி வரும் வண்டி என்றால் அந்தச் சங்கடம் இல்லை. ஆர்சியிலேயே காலி எடை கிலோவில் அச்சாகியிருக்கும். பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோமே, அதே ஆர்சிதான்.

ஸ்போர்ட்ஸ் கார் ரசனை அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. எனக்கு அது பிடிபட்டது தளவானூரில்.

செஞ்சி–விழுப்புரம் சாலையை விட்டு உள்ளே பிரிந்தால் வயல், பனை, பிறகு ஒரு பாறைக்குன்று. அதில் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் இருக்கிறது. அதே வட்டாரத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி அமைத்த கோயில் என்று அவன் கல்வெட்டே பெருமைப்படுகிறது. குடைவரைத் தச்சன் எதையும் சேர்ப்பதில்லை. வேண்டாத கல்லை எடுக்கிறான், அவ்வளவுதான். லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மனும் இந்தக் கட்சிக்காரர். என்ஜினுக்குப் பலம் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும் ஓடும், எடையைக் கழித்தால் வளைவிலும் பிரேக்கிலும் சேர்த்து ஓடும் என்பது அவர் வாதம். அவர் காலத்துக்குப் பின் 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோதான். நம் மாருதி 800ஐவிட ஒரு மூட்டை நெல் கூடுதல், அவ்வளவே.

இந்த ரசனை நமக்குப் புதிதும் அல்ல. சென்னைக்கு வெளியே, பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு தயாரித்தது. 948 சிசி, ஏறத்தாழ 800 கிலோ. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக எழும்பித் திறக்கும். ஏறத்தாழ ஏழரை மீட்டர் அகலத்தில் முழுவட்டம் அடித்துவிடும். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். ஆக, டாக்டரும் வக்கீலும் ஓட்டிப் போன ஹெரால்டு ஒரு பந்தயக்காரனின் அண்ணன். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 என்ஜினைப் பூட்டி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். அந்த வகை வண்டியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். 796 சிசி என்ஜினை வைத்துக்கொண்டு பந்தயமா என்று சிரித்தவர்களுக்கு, வண்டி எடை தெரிந்திருக்காது.

சரி, எப்படி ரசிப்பது? டெஸ்ட் டிரைவை ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டி முடித்துவிடாதீர்கள். வளைவும் மேடுபள்ளமும் உள்ள கிராமத்துச் சாலைக்குக் கொண்டுபோங்கள். தளவானூர் போகும் வழி எனக்குப் போதும். பாட்டை அணையுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். 40க்கு மேல் போக வேண்டாம். வளைவு வருவதற்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, இரண்டாம் கியரில், ஸ்டீயரிங்கை ஒரே வீச்சில் திருப்பி அப்படியே பிடியுங்கள். இப்போது கையைவிட இடுப்பைக் கவனியுங்கள். பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்வதை முதலில் சொல்வது இடுப்புதான். நல்ல வண்டி நீங்கள் திருப்பியதும் கூடவே திரும்பும். கனத்த வண்டி அரை நொடி யோசித்துவிட்டு, மாமனார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்புகிற மாதிரி, வரும்.

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். தாண்டியதும் ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிட்டால் சஸ்பென்ஷன் நன்று. பரிசல் மாதிரி மூன்று முறை ஆடினால் அந்த வண்டி வேண்டாம். அடிப்பாகம் உரசும் சத்தம் கேட்டால், எத்தனை அழகாக இருந்தாலும் தினசரி ஓட்ட அது ஆகாது. தரையோடு தரையாகப் போகும் கார்களின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். பிறகு பிரேக். திடீரென்று ரோட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) காயப்போட்டிருப்பார்கள். கரும்பு டிராக்டர் விளக்கில்லாமல் ஏறும். ஒரே வேகத்தில் எடை இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு. எடை குறைந்த வண்டி ஒல்லியான டயரிலும் சிறிய பிரேக்கிலும் நின்றுவிடும். இந்தப் பகுதிகளை மாற்றும்போது பர்சுக்கும் அது தெரியும்.

லேசான வண்டி என்றால் தகரம் என்றொரு பேச்சு உண்டு. ஒரு டன்னுக்கும் குறைவான மாருதி டிசைர், 2024 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. கூட்டின் கட்டமைப்புதான் காப்பாற்றுகிறது. கதவைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

மின்சாரக் கார் பக்கம் வந்தால் கணக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. டெஸ்லாவின் முதல் கார் 2008இல் வந்த ரோட்ஸ்டர். எலீஸைத் தழுவிச் செய்தது. பேட்டரி மட்டும் 450 கிலோ. மொத்த எடை 1,300 கிலோவைத் தொட்டது. 2025இல் இந்தியாவுக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர் 510 குதிரைத்திறன், 100 கிமீ வேகத்துக்கு 3.2 வினாடி, எடை ஏறத்தாழ 2 டன். அந்த 3.2 வினாடி மெய்சிலிர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது ராட்டினத்தின் மெய்சிலிர்ப்பு. ஐந்தாவது முறை அலுத்துவிடும். வளைவு அலுப்பதில்லை.

ஆகவே மின்சாரத்தில் பெரியதைத் தேடாதீர்கள். சின்ன பேட்டரி வண்டியைப் பாருங்கள். 24 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட டாடா டியாகோ மின்வண்டி 75 குதிரைத்திறன்தான். ஆனாலும் நின்ற இடத்திலிருந்து 60 கிமீ வேகத்தை 5.7 வினாடியில் எட்டும். நம் ஊர்ச் சாலைகளில் நாள் முழுவதும் செய்கிற வேலை இந்த 60க்குள்தான். பேட்டரி தரையோடு கிடப்பதால் பெட்ரோல் டியாகோவைவிடக் கனம் கூடினாலும் சாய்வு குறைவு. இதை ரசிக்க வேறொரு வித்தை பழக வேண்டும்: பிரேக்கை மறந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தே வேகத்தைக் குறைப்பது. வீணை மீட்டுகிறவர் விரல் எடுப்பதைப் போல அதிலும் ஒரு நயம் உண்டு. வீட்டில் 15 ஆம்ப் பிளக் போதும், இரவு போட்டால் காலையில் தயார். மின்வெட்டு அதிகமுள்ள தெருவா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு கேட்டால்: ஒரே கார்தான் வீட்டில் என்றால், 2021 முதல் 2024க்குள் வந்த, நான்கு சிலிண்டர், கையால் கியர் போடும் பெட்ரோல் ஸ்விஃப்ட்டைக் கைமாற்றில் தேடுங்கள். 90 குதிரைத்திறன், சுமார் 900 கிலோ. பெயரில் ஸ்போர்ட்ஸ் இல்லை, செய்கையில் இருக்கிறது. தினம் போகவர 100 கிலோமீட்டருக்குள், வீட்டில் நிறுத்த இடம் உண்டு என்றால் அந்தச் சின்ன மின்வண்டி. மூன்றாவது ஆசை, ஓடும் நிலையில் ஒரு ஹெரால்டு. அது தினசரிக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.

எதை எடுத்தாலும் தளவானூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மல்லாட்டை காயும் நாளாக இருந்தால் ஓரமாக, மெதுவாகப் போங்கள்.