ஆடி வெள்ளியில் வந்த ஆகஸ்ட் 15

2025 ஆகஸ்ட் 15 என்ன கிழமை என்று ஞாபகம் இருக்கிறதா? வெள்ளி! அதுவும் வெறும் வெள்ளியா, ஆடி மாசத்துக் கடைசி வெள்ளி! காலண்டரில் அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆடி வெள்ளி என்றால் எங்கள் திருமுடிவாக்கத்துத் தெருவில் வாசலுக்கு வாசல் என்ன இருக்கும் சொல்லுங்கள்? தரையில் வெள்ளை வெளேரென்று மாக்கோலம், அதைச் சுற்றிக் காவி, நிலைப்படிக்கு மேலே கொத்துக் கொத்தாய் வேப்பிலை. மறுபடி சொல்கிறேன், மெதுவாகக் கேளுங்கள். காவி, வெள்ளை, பச்சை! கடைக்கே போக வேண்டாம், மூன்று நிறமும் ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இது தோன்றிய ராத்திரி நான் தூங்கவே இல்லை என்றால் நம்புவீர்களா?

இந்த யோசனை இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. தேசியக் கொடியையே தோரணமாகக் கட்டக் கூடாது, அலங்காரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, தரையில் படவிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டுக் கொடி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதனால் கோலத்தில் கொடியை வரையவில்லை, சக்கரத்தைத் தரையில் இறக்கவில்லை. நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். கொடி ஒன்றே ஒன்று, துணிக்கொடி, அது மேலே. மற்ற எல்லாம் அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற அலங்காரம். பிளாஸ்டிக் கொடி ஒன்றுகூடத் தெருவில் கிடக்கவில்லை, மறுநாள் காலையில் மிதிபடவும் இல்லை. அந்த நிம்மதி இருக்கிறதே!

சரி, காவிக்கு வருவோம். காவிக்கட்டியை ஊறவைத்தால் வருவது செங்கல் சிவப்பு, கொடியின் காவி அதைவிட இளசு. அதற்கும் வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆரத்திக்கு என்ன செய்வோம்? மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ப்போம், குபீரென்று சிவக்கும். சுண்ணாம்பை ஒரு துளியோடு நிறுத்திப் பாருங்கள், சிவப்புக்குப் போகிற வழியில் ஓர் ஆரஞ்சு வந்து நிற்கும் பாருங்கள், அடடா, அதுதான், அதேதான்! அதில் அரிசிமாவைக் குழைத்து எடுத்துக்கொண்டேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் கிண்ணத்தைச் சுற்றி நின்று “இன்னொரு தடவை செய்யுங்க அத்தை, இன்னொரு தடவை” என்று கத்த, நானும் சளைக்காமல் செய்துகொண்டே இருந்தேன், கை முழுக்க மஞ்சள்.

ஆகஸ்ட் 15க்கு முந்தின வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஓடினேன். ரிப்பன், பழைய கண்ணாடி பாட்டில், சணல் கயிறு என்று வாரிக்கொண்டு வந்தேன். தையற்கடையில் கேட்டால் வெட்டுத்துணியைச் சும்மாவே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். முக்கோணமாக நறுக்கி, மைதா பசை காய்ச்சி, சணலில் மடித்து ஒட்டினால் தெருவுக்குக் குறுக்கே நாலு தோரணம் தயார். கிரேப் பேப்பரும் கட்டினோம். லேசாகத் தூறியதில் அதன் சாயம் கொஞ்சம் வடிந்தது, அது கிடக்கட்டும்.

சக்கரத்தைச் சொல்லாமல் விடுவேனா! தென்னை ஈர்க்குச்சிகள் 24, எல்லாவற்றையும் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் முக்கி எடுத்து, அட்டையில் வட்டம் போட்டு, பாகைமானி வைத்து 15 பாகைக்கு ஒன்றாக ஒட்டி, வாசல் சுவரில் கண்மட்டத்துக்கு மேலே மாட்டினோம். ஒட்டும்போதே பிள்ளைகளுக்குக் கதை சொன்னேன்: 1947 ஜூலை 22இல்தான் அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றது, அதற்கு முன்னால் நடுவில் இருந்தது ராட்டை. அந்த ஆகஸ்ட் 15இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி இன்னும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பல்லாவரத்தில் ரயிலேறினால் கோட்டை ஸ்டேஷன், அவ்வளவுதான் தூரம் என்றதும் ஒரு குட்டிப்பெண் “இப்பவே போலாமா?” என்றாள். எனக்கும் அப்போதே கிளம்பிவிடத்தான் ஆசை!

இனிமேல்தான் விஷயமே. கற்பனை செய்து பாருங்கள், இன்னும் விடியவில்லை, சிட்கோ எஸ்டேட் லேத் பட்டறைகளின் சத்தம் விடுமுறையில் அடங்கிக் கிடக்கிறது, வாசல் தெளித்த ஈர மண்வாசனை, யார் வீட்டிலோ ஆடிக் கூழ் கொதிக்கிற வாசனை, கூடையில் கனகாம்பரமும் மல்லியும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டிய கதம்பம் (அதிலும் அதே மூன்று நிறம், கவனித்தீர்களா!), நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பச்சரிசி ஊறவைத்து நீர்க்க அரைத்த மாவில் துணியை நனைத்து, விரலிடுக்கில் இழை இழையாக ஓடவிட்டு இழைக்கோலம் போடுகிறோம், அதற்கு வெளியே ஆரஞ்சுக் கரை, அதற்கும் வெளியே உருவிய வேப்பிலையைப் பரப்பிப் பச்சைக் கரை, அப்போது எஸ்டேட்டில் வேலை பார்க்க ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் குடும்பத்துப் பெண் கதவோரம் நின்று பார்த்தவள் சட்டென்று இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மாவில் விரலைத் தோய்த்து, துணியும் இல்லாமல் வெறும் விரலாலேயே ஒரு தாமரையை, அதைச் சுற்றி நெற்கதிரை வரைய ஆரம்பித்தாள் பாருங்கள்! அவர்கள் ஊரில் அதற்கு ஜோட்டி என்று பெயராம், அங்கேயும் அரிசிமாவுதானாம், அவர்களுடைய மார்கசிர மாசத்து வியாழக்கிழமைகளில் லட்சுமிக்குப் போடுவார்களாம், அவளுக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த இந்தியும் சேர்ந்து இவ்வளவுதான் பேச முடிந்தது, ஆனால் என் இழையும் அவள் கதிரும் ஓரத்தில் தொட்டுக்கொண்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஈரமாக இருக்கும்போது மாக்கோலம் சரியாகத் தெரியாது, காயக் காயத்தான் வெளுத்து எழும்பும். வெயில் ஏறி, தெருவே கோலத்தைச் சுற்றி நின்று, மூத்த தாத்தா ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கொடி மேலே போய், சுருக்கு அவிழ்ந்து, மடிப்புக்குள் வைத்திருந்த பூவிதழ்கள் (இதற்கு விதியிலேயே இடம் உண்டு) எங்கள் தலையிலெல்லாம் உதிர்ந்த அதே நேரத்தில் கீழே கோலமும் பளீரென்று முழு வெள்ளையாகியிருந்தது. நாங்கள் திட்டமிட்டதே இல்லை! நான் குழந்தை மாதிரி கைதட்டிக் குதித்தேன்.

இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2026இல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, அதற்கு முந்தின நாள் ஆடிக் கடைசி வெள்ளி. வெள்ளியன்று காலையில் போட்ட காவியும் கோலமும் அப்படியே இருக்கட்டும், சாயங்காலம் வேப்பிலையை மட்டும் புதிதாகப் பறித்து வையுங்கள், ராத்திரி படுக்கப் போகுமுன் இன்னும் ஓர் ஆழாக்கு பச்சரிசி ஊறப்போடுங்கள். பக்கத்து வீட்டில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் ஒரு கிண்ணம் மாவு சேர்த்தே அரையுங்கள்.